நாலு நட்சத்திரம்

காளவாசல் சிக்னலை ஒட்டி, இரண்டாம் மாடி.
கீழே புரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம்
படியேறி வந்து என் கீபோர்டோடு சேர்ந்துகொள்ளும்.
ஆளுக்கு இருபது ரூபாய்.
நட்சத்திரத்துக்கு நாலு என்று வகுத்துக்கொள்வேன்.

டாக்டரை நான் பார்த்ததில்லை.
அவர் செதுக்கிய மூக்கையோ, நட்ட முடியையோ,
உறிஞ்சி எடுத்த கொழுப்பையோ பார்த்ததில்லை.

பெயருக்குப் பஞ்சமில்லை இந்த ஊரில்.
ஆரப்பாளையத்திலிருந்து நடந்து வந்தால்
சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி.
போன மாதம் இறந்த இருளாயி
போன வாரம் தாடை திருத்திக்கொண்டார்.
லாரியில் அடிபட்ட கூரியர் பையன் விமல்ராஜுக்கு
முன்நெற்றியில் மூவாயிரம் முடி.
செத்தவர்கள் வந்து மறுக்க மாட்டார்கள்.
முதலாளி சொல்லித்தந்ததல்ல இது,
நானே கண்டுபிடித்தது.

பிழையில்லாமல் எழுதினால் நம்ப மாட்டார்கள்.
அதனால் 'வலி'யை 'வழி' ஆக்குவேன்.
'டாக்டர் தங்கமான மணுசன்' என்பேன்.
வண்டி நிறுத்த இடமில்லை என்று
ஒரு குறையும் வைப்பேன்.
குறையில்தான் ஆள் விழும்.

எதிர்வீட்டுச் சேவுகனுக்குக்
கப்பலூரில் லேத் பட்டறை வேலை.
அக்கினி வெயிலிலும் சட்டைக்குள் பனியன்,
பனியனுக்குள் இன்னொன்று, இறுக்கமாக.
ஆம்பளைக்கு மார்பு திரண்டால்
எங்கள் தெரு என்ன பெயர் வைக்கும்
என்று எனக்குத் தெரியும்.
நானும் ஒருநாள் சிரித்திருக்கிறேன்.

போனை நீட்டினான்.
'அக்கா, நீங்க கம்ப்யூட்டர் வேலதான பாக்குறீங்க,
இது நெசமா?'

'ஆப்ரேசன் முடிஞ்சு மூணாம் மாசம்
குத்தாலத்துல சட்டையக் கழட்டிப் போட்டு
அருவிக்குள்ள நின்னேன்.
அளுதது ஒருத்தனுக்கும் தெரியல.'
மலைக்கண்ணன். ஐந்து நட்சத்திரம்.

முனிச்சாலைச் சுவரில்
மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தவர் பெயர்.
ஒரு மத்தியானம்
தயிர்சாதம் தின்றுகொண்டே தட்டியது.

'இந்த வரி பொய்யா இருக்காதுக்கா' என்றான்.
'அளுததுன்னு போட்டிருக்காரு பாருங்க. நம்மாளு.'

'நல்லா விசாரிச்சுக்கோ' என்றேன்.
அதைவிட வழவழப்பான வார்த்தை
தமிழில் இல்லை.

சீட்டை எடுத்தான். பைக்கை விற்றான். போனான்.

வந்ததும் சொந்தப் பெயரிலேயே எழுதினான்:
'இடது பக்கம் லேசாகக் குழி விழுந்திருக்கிறது.
சொன்னதற்கு மேல் பதினெட்டாயிரம் வாங்கினார்கள்.
விலாவில் குழாய் தொங்கும் என்று
முன்னாடியே யாரும் சொல்லவில்லை.
முதல் ராத்திரி ரோஸ்லின் சிஸ்டர்
கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
டாக்டர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.
நாலு நட்சத்திரம்.'

ஒரு பிழை கிடையாது.
பத்தாம் வகுப்பில் தமிழுக்கு எண்பத்தேழு வாங்கியவன்.

முதலாளி இரண்டு தடவை படித்தார்.
'எழுத்தப் பாத்தாலே தெரியுது, போலி.
போட்டி ஆஸ்பத்திரிக்காரன் வேல.
கீழ தள்ளு. ஒரு நாப்பது போடு.'

போட்டேன்.
பழங்காநத்தம் வரைக்கும் போய்ப் பெயர் பொறுக்கினேன்.
திரும்பும்போது ஒருவன்
வாளியில் பசையோடு சுவருக்கு முன்னால் நின்றான்.
ஒரே இழுப்பு.
நேற்றைய முகத்தின் மேல் இன்றைய முகம்.
விளிம்பில் இன்னும் ஒரு காது
தெரிந்துகொண்டிருந்தது.

இன்று காலை எதிர்மாடியில் சேவுகன்,
இடுப்பில் கைலி மட்டும்,
தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தான்.
இடது மார்பில் ஒரு கரண்டி நிழல்.
முதுகில் வெயில் படாத வெள்ளை,
இத்தனை வருடத்துப் பனியன்.

'நா எழுதினதப் பாத்தீங்களாக்கா?' கத்திக் கேட்டான்.
'யாருக்காச்சும் ஒதவும்ல?'

நாற்பது பேருக்குக் கீழே,
கட்டைவிரல் வலிக்க இழுத்து,
ஆமாம்,

'பாத்தேன்டா' என்றேன்.